கொங்கு நாட்டுக் கிணற்று நீச்சல்

சென்ற மகாசிவராத்திரியை ஒட்டி நடந்த வெள்ளகோவில் வீரக்குமாரசாமி தேர்த்திருவிழாவிற்கு நாம் சென்றிருந்தோம். தேர் நிலை சேர்ந்த மறுநாட் காலை, ஊருக்குத் தெற்கே நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தைப் பார்த்து வரலாமென்று அன்பர் இருவருடன் புறப்பட்டோம். தோட்டம் இப்பொழுது பிறர் கையில் இருக்கிறது. வீடு இல்லை, தொண்டுப்பட்டி இல்லை, கிணறு மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. எட்டிப் பார்த்தோம். அடியில் நீரில்லை. பாறை இடுக்கில் வேரூன்றிய சீமைக்கருவேல் ஒன்று பாதிக் கிணறு வரை வளர்ந்து நின்றது. உடன் வந்தவருள் இளையவர், "இதிலா ஐயா குதித்து விளையாடினீர்கள்?" என்று வினவினார். அவருடைய குரலில் ஏளனம் இல்லை, ஐயம் இருந்தது. அங்கே நின்று அவருக்கு விடை கூற நமக்கு இயலவில்லை. அவ்விடையையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நம் இதழிலே குலவரலாறுகளும் கோயில் வரலாறுகளும் பல வெளிவந்துள்ளன. விளையாட்டுக்கு வரலாறு எழுதுவது சிறுபிள்ளைச் செயல் என்று மூத்த அங்கத்தினர் சிலர் கருதக்கூடும். அன்னார்க்கு ஒன்று கூறுவோம். முதுமையில் நின்று இளமையின் நீர்விளையாட்டை நினைந்து ஏங்குவது நம் மொழியில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1894ஆம் ஆண்டில் பதிப்பித்த புறநானூற்றிலே 243ஆம் பாட்டு அதனையே பொருளாக உடையது. பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைத்திலது. பூண் கட்டிய ஊன்றுகோலைத் தம் பாட்டிலே கூறியமையால் தொடித்தலை விழுத்தண்டினார் என்றே அவர் பெயர் பெற்றார். நீரருகே தாழ்ந்த மருதக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்கும்படி ஆழ்ந்த மடுவிற் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிக் காட்டிய அந்த இளமை எங்கே போயிற்று என்று, இருமலுக்கு இடையிடையே பேசும் கிழவர் ஒருவர் அதில் வினவுகிறார். வெள்ளகோவிற் பக்கத்தில் மருத மரமும் மடுவும் இல்லை. ஆயினும், குதித்ததற்குச் சான்றாக அடிமண்ணை அள்ளிக் காட்ட வேண்டும் என்ற அந்த விதி, 1960களில் நம் கிணற்றிலும் மாறாமல் வழங்கியது. நம்மில் எவரும் அந்நாளில் புறநானூறு படித்தவரல்லர்.

நிற்க. கிணறு எங்ஙனம் நீந்தும் இடமாயிற்று என்பதை அறிய வேண்டின் நிலத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். வெள்ளகோவில் கோவையினின்று கரூருக்குச் செல்லும் பெருவழியிலே, காங்கயத்திற்குக் கிழக்கே உள்ளது. 1979 வரை கோவை மாவட்டத்திலும், அதன்பின் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு அமைந்த மாவட்டத்திலும், 2009 முதல் திருப்பூர் மாவட்டத்திலும் சேர்க்கப்பட்டு, ஓரடியும் இடம் பெயராமலே மூன்று மாவட்டங்களைக் கண்ட ஊர் அது. வடக்கே நொய்யலும் தெற்கே அமராவதியும் ஓடினும், இரண்டும் நம் காட்டிற்கு எட்டாதவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவிற் கிடப்பதால் ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவை ஒட்டியே நிற்கும். அதுவும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையிலே பெய்து தீர்ந்துவிடும். ஆகவே நிலத்தின் ஒரு பகுதி கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கொண்ட கொறங்காடாக, காங்கயம் மாடுகளின் மேய்ச்சலுக்கு விடப்பட்டது. மற்றொரு பகுதி வானம் பார்த்த மேட்டுக்காடு. எஞ்சிய சிறு பகுதியே தோட்டம். தோட்டம் என்றாற் கிணறு உள்ள நிலம் என்பதே நம் நாட்டில் அச்சொல்லின் பொருள்.

இக்கிணறுகள் காவிரிக் கரையிலே மண்ணைத் தோண்டினால் ஊறும் கிணறுகள் போன்றவையல்ல. மேலே சில அடி மண், அதன்கீழ் சுண்ணாம்புக்கல் கலந்த பாதி இறுகிய படுகை, அதன்கீழ் வன்பாறை. பாறையின் வெடிப்புகளில் ஒதுங்கிய நீரே ஊற்று. அவ்வூற்றை எதிர்ப்படும் வரை வேட்டு வைத்தும் உளியடித்தும் இறங்க வேண்டும். நீர் ஊறும் பரப்பு மிகுதியாக வேண்டும் என்பதால், நீளமும் அகலமும் பெரியனவாய், நாற்சதுரமாகக் கிணறு வெட்டுவர். ஒரு தலைமுறை வெட்டிய கிணற்றை அடுத்த தலைமுறை ஆழப்படுத்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில், சொந்தச் செலவிற் கிணறு வெட்டித் தோட்டமாக்கிய புன்செய்க்குக் கூடுதல் தீர்வை சுமத்தும் வழக்கம் கைவிடப்பட்டபின் இவ்வேலை ஊக்கம் பெற்றது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சம், கிணறில்லாக் குடி நிலையில்லாக் குடி என்பதை எல்லார்க்கும் உணர்த்தியது. 1887இல் வெளியான கோயமுத்தூர் ஜில்லா மானுவலில் நிக்கல்சன் துரை இந்நாட்டுக் கிணற்றுப் பாசனத்தைப் பற்றி விரிவாக எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கம்போடியாப் பருத்தி வந்தது. அப்பருத்தியும் புகையிலையும் தந்த பணம் மீண்டும் கிணற்றுக்குள்ளேயே இறங்கியது.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. "எம் பாட்டனார் வெட்டிய கிணறு" என்று நாம் பெருமையாகக் கூறுகிறோம். பாட்டனார் பணம் கொடுத்தார்; இடம் காட்டினார்; இரவும் பகலும் அருகிருந்தார்; அவ்வளவும் மெய். பாறையைத் துளைத்தவர்கள் போயர் மரபினர். கல்லைச் சுமந்து படியேறியவர்கள் பெரும்பாலும் அம்மரபின் பெண்மக்கள். கவலை இறைக்கும் தோற்சாலைத் தைத்தவர்கள் அருந்ததியர். இவர்களுள் எவர் பெயரும் எந்தக் கிணற்றுக்கும் வழங்கவில்லை.

கவலையைக் காணாத இளைஞர் இன்று மிகுதியாதலின் அதனைச் சுருங்கக் கூறுவோம். கிணற்று விளிம்பில் இரண்டு கற்றூண்கள் நட்டு, அவற்றினிடையே உருளை பொருத்தி, அதன்மேல் வடம் ஓடும். வடத்தின் ஒரு முனையிலே தோற்சால். மறு முனையிலே நுகம் பூட்டிய எருதுகள். சாலின் அடியில் யானைத் துதிக்கை போன்ற தோற்குழாய் ஒன்று உண்டு. அதற்குத் தனிக் கயிறு. எருதுகள் சரிந்த தடத்திற் கீழ்நோக்கி நடந்தாற் சால் நிறைந்து மேலே வரும். குழாய் நிமிர்ந்து நீரை வாய்க்காலிற் கொட்டும். எருதுகள் பின்னிட்டு மேடேறினாற் சால் மீண்டும் கீழே போகும். விடியுமுன் பூட்டி வெயில் ஏறும் வரை இறைப்பர். பின்னர் எருதும் ஆளும் இளைப்பாறுங் காலத்திலே கிணறு மெல்ல ஊறும். இறைப்பதும் ஊறுவதும் ஏறக்குறைய ஒத்திருந்தமையால் கிணற்றில் எந்நாளும் ஆள் மூழ்கும் நீர் நின்றது. எருது எவ்வளவு இழுக்குமோ அவ்வளவே உழவன் எடுத்தான். நீச்சலுக்கு இடமளித்தது இந்த அளவுதான். சிறுவர் விளையாட வேண்டுமென்று எவரும் கிணறு வெட்டவில்லை.

இனி விளையாட்டைக் கூறுவோம். நமக்கு ஆறாம் வயதில் எம் அப்பாரு நீந்தக் கற்பித்தார். காய்ந்த சுரைக்குடுக்கைகள் இரண்டைக் கயிற்றாற் பிணைத்து முதுகில் இருக்குமாறு கட்டுவர். நம் பக்கத்தார் அதனைச் சுரைப்புருடை என்பர். இடுப்பில் மற்றொரு கயிறு. அதன் முனை படியில் அமர்ந்த அப்பாருவின் கையில் இருக்கும். முதல் நாள் நாம் நீரை அடித்த அடியில் கிணற்றுச் சுவரிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்து போயின. "அடிக்காத கண்ணு. நீ சும்மா இருந்தீன்னா தண்ணியே உன்னயத் தாங்கும்" என்று அவர் சொன்ன சொல் இன்றும் செவியில் உள்ளது. சில நாளில் ஒரு குடுக்கை குறையும். பின்னர் மற்றொன்றும் போகும். கயிறு மட்டும் நிற்கும். ஒருநாள் நடுக்கிணற்றில் நீந்திக்கொண்டே திரும்பிப் பார்க்கையில் கயிற்றின் முனை நீரில் மிதப்பதையும், அப்பாரு வேப்பங்குச்சியாற் பல் விளக்குவதையும் கண்டோம். எத்தனை நாட்களுக்கு முன்னரே கயிற்றை அவர் விட்டுவிட்டாரோ அறியோம். கேட்டதற்கு அவர் கடைசிவரை விடை சொல்லவில்லை.

நீந்தக் கற்றவன் அடுத்துக் கற்பது குதித்தல். அதற்குப் பருவம் உண்டு. கார்த்திகை மழைக்குப் பின் கிணறு நிறைந்திருக்கும். அப்பொழுது விளிம்பினின்று குதிப்பது பெரிதன்று. தை, மாசி என நீர் இறங்க இறங்கக் குதிக்கும் உயரம் ஏறும். பங்குனி சித்திரையிலே மேல்விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஐந்தாறு ஆள் உயரம் இருக்கும். பள்ளிக்கூட விடுமுறையும் அப்பொழுதே. ஆகவே சிறுவன் ஒருவனது துணிவு ஆண்டுதோறும் சித்திரையில் அளக்கப்பட்டது. முதற்படி, நடுப்படி, விளிம்பு, கவலைத் தூணின் உச்சி என்று நிலைகள் இருந்தன. இவ்வாண்டு நடுப்படியினின்று குதித்தவன் வருமாண்டு விளிம்புக்கு வரவேண்டும். வாராதவனைத் தங்கையர் முன்னிலையிற் பழிப்பர். முழங்காலைக் கட்டி உட்கார்ந்தவாறே விழுந்து நீரை விளிம்பு வரை எழுப்புவது ஒரு திறம். தலைகீழாய் ஓசையின்றி நுழைவது வேறொரு திறம். நீரடியிலே ஒளிந்து ஒருவரையொருவர் தொடுவதும், மல்லாந்து கிடந்து கண்மூடித் தூங்குவதுபோற் காட்டுவதும் உண்டு. எல்லாவற்றினும் மேலானது அடிமண் எடுத்தல். ஊற்றுக்கண் உள்ள மூலையிலே நீர் சில்லென்றிருக்கும், காது அடைக்கும், கை தடவிக் களிமண்ணைப் பற்றியதும் மேலே பார்த்தால், வானம் ஒரு சிறு சதுரமாக நடுங்கிக்கொண்டு தெரியும். அச்சதுரத்தை நோக்கி எழுந்து வரும் அந்நேரத்திற்கு ஈடானது ஒன்றை நாம் அதன்பின் அடையவில்லை. இதைக் கூறுவதில் நமக்கு வெட்கமில்லை.

தண்ணீர்ப் பாம்பு உடன் நீந்தும், ஒன்றும் செய்யாது. கிணற்றின்மேற் கவிந்த கிளைகளிலே தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடும். கவலை ஓடும் நேரத்தில் இறங்கினால் நீர் கலங்கும் என்று முதுகிற் சாட்டை விழும். உயிர்ச்சேதமும் இல்லாமலில்லை. பாறை முனை தெரியாமற் குதித்துத் தலையடிபட்டோரும், நீச்சல் தெரியாமல் இறங்கி மீளாதோரும் அக்காலத்தும் இருந்தனர். பழங்காலம் என்பதாலேயே அதனைப் பொற்காலம் என்று எழுத நாம் ஒருப்படோம்.

அதற்கு வேறு காரணங்களும் உள. எம் அம்மாயி இளமையில் அண்ணன் தம்பியர் மூவரையும் நீந்தி வென்றவர் என்று ஊரார் கூறக் கேட்டிருக்கிறோம். அவர் பூப்பெய்திய நாளோடு கிணற்றில் இறங்குவது நின்றது. நாம் நீந்தும்பொழுது அவர் கஞ்சிக்கலயத்துடன் வந்து விளிம்பில் நிற்பார். "காலை மடக்கி உதை; தவளையைப் பாரு" என்று மேலிருந்தே திருத்துவார். திருத்தம் ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கும். கிழவிக்கு இது எப்படித் தெரியும் என்று நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அறுபது ஆண்டுக்கு மேல் நீரில் இறங்காத ஒருவர் நீச்சலை உடம்பில் வைத்துக்கொண்டு விளிம்பில் நின்றார் என்பது இப்பொழுதுதான் விளங்குகிறது. நம் சமூகத்துப் பெண்மக்கள் எத்தனை பேர் அவ்வாறு நின்றனரோ, எந்தக் குலவரலாற்றிலும் அதற்குக் கணக்கில்லை.

விளிம்பில் நின்ற மற்றொருவனையும் சொல்லியாக வேண்டும். சால் கிழிந்தால் தைக்க வரும் அருந்ததியப் பெரியவருடன் நம் வயதொத்த அவருடைய மகன் வருவான். பெரியவர் வேம்படியில் அமர்ந்து தைப்பார். மகன் கிணற்று மேட்டில், நமக்கு எட்ட, ஒரு கல்லின்மேல் உட்காருவான். நீரடியில் மூச்சடக்கி யார் நெடுநேரம் இருப்பது என்ற பந்தயத்திற்கு எண்ணுவதற்கு ஒருவன் வேண்டுமே! நீரில் இருப்பவன் எண்ணினால் ஏமாற்றுவான். ஆகவே அவனை எண்ணச் சொன்னோம். அவன் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவான். தலை தூக்கியதும் எண்ணைக் கூறுவான். அவன் கூறிய எண்ணே முடிவு. நான்கைந்து ஆண்டுகள் இவ்வாறு நடந்தன. நீயும் இறங்கு என்று நம்மில் ஒருவனும் சொல்லவில்லை. இறங்கலாமா என்று அவனும் கேட்கவில்லை. அவனுடைய தந்தை தைத்த சால் நாள்தோறும் அந்நீரில் முழுகி எழுந்தது. அவர் மகன் முழுகினால் மட்டும் அந்நீர் தீட்டாகிவிடும் என்பது அந்நாளைய நியாயம்.

சட்டம் இல்லாமலிருந்தது என்று கூறுவதற்கில்லை. எம். சி. ராஜா அவர்கள் கொண்டுவந்த மசோதா 1938இல் சென்னை மாகாணத்திற் சட்டமாகி, பொதுக் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியன ஆயின. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. ஆயின் தோட்டத்துக் கிணறு பொதுக் கிணறன்று. அது பட்டாவிலுள்ள சொத்து. சட்டம் ஊர்க் கிணற்றடி வரையில் வந்து, வேலிப் படலைத் திறவாமல் நின்றுவிட்டது. குளமும் ஆறும் இல்லாத நம் வட்டாரத்திலே, தோட்டக் கிணறு மறுக்கப்பட்டவனுக்கு நீச்சலே மறுக்கப்பட்டது. "கொங்கு நாட்டில் அக்காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் நீந்துவர்" என்று சங்கக் கூட்டங்களிலே நம்மவர் பேசக் கேட்டிருக்கிறோம். நாமும் அவ்வாறு பேசியதுண்டு. எல்லாப் பிள்ளைகளும் என்பது பிழை.

இஃதிவ்வாறிருக்க, விளையாட்டு அழிந்த கதைக்கு வருவோம். பைகாரா மின்சாரம் 1932இற் பிறந்து கோவைக்கு வந்தது. ஆலைகள் முதலில் அதனைப் பெற்றன, பின்னர்த் தோட்டங்கள். இந்நாட்டிலே முதன்முதல் மின்மோட்டார் செய்யப்பட்டது 1937இல் கோவையிலேதான் என்பர், ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் பெயர்கள் அதனோடு சேர்த்துக் கூறப்படும். வெள்ளகோவிற் பக்கத்துத் தோட்டங்களில் எண்ணெய் எஞ்சினும் மின்மோட்டாரும் பரவிய காலத்தில் நாம் பள்ளிச் சிறுவர். கவலை நின்ற நாளில் எம் அப்பாரு எருதுகளைத் தடவிக் கொடுத்து, "இனி உங்களுக்கு விடுதலை" என்றார். அவற்றுள் ஒரு சோடி அவ்வாண்டே கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிற்று.

மோட்டாருக்கு ஒரு குறை உண்டு. காற்றின் அழுத்தத்தாலே நீரை உறிஞ்சும் பம்பு ஏறக்குறைய 25 அடிக்கு மேல் ஆழத்திலிருந்து உறிஞ்சாது. எனவே அதனைக் கிணற்றின் மேலே வைத்துப் பயனில்லை; கிணற்றுக்குள்ளே பாறையில் திட்டு வெட்டி அதன்மேல் வைத்தனர். நீர் இறங்கினால் மோட்டாரும் ஒரு திட்டு இறங்கும். அதனுடன் மின்கம்பியும் இறங்கும். நம் வட்டாரத்திற் கிணற்று நீச்சலுக்கு முதல் தடை இக்கம்பியே. ஈரக் கையுடன் சிறுவர் படியேறுவதைக் கண்ட தாய்மார் அஞ்சினர், அவ்வச்சம் நியாயமானதே. "கரண்டு இருக்குது, இறங்காதே" என்ற சொல் அப்பொழுது பிறந்தது. எருது அளந்து எடுத்த நீரை மோட்டார் அளவின்றி எடுத்தது. மாலையில் நீச்சலுக்கு நிற்கும் நீர் நண்பகலிலேயே வாய்க்காலுக்குப் போயிற்று. கிணற்றை ஆழப்படுத்தினர், அடியிலே பக்கவாட்டில் துளையிட்டனர், அதற்கும் நீர் எட்டாதபொழுது கிணற்றை விட்டுவிட்டு அருகே ஆழ்துளைக் கிணறு இறக்கினர். அது சாண் அகலமும் பல நூறடி ஆழமும் கொண்டது. ஆயிரம் அடியைத் தாண்டியனவும் உள.

உழவரைக் குறை கூறுவது எளிது. நாம் அது செய்யோம். மின்சாரமே உயிர் என்றாகிவிட்ட நிலையில், கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூனில் நடந்த கிளர்ச்சியின்போது பெருமாநல்லூரிலே துப்பாக்கிச் சூட்டில் உழவர் மூவர் மாண்டனர். நாராயணசாமி நாயுடு அவர்கள் தலைமையில் 1972இற் கோவை நகரை மாட்டு வண்டிகள் நிறைத்தன. பின்னர் இலவச மின்சாரமும் வந்தது. ஒவ்வொரு படியும் தேவையால் வந்தது; அத்தனை படிகளும் சேர்ந்து நிலத்தடி நீரைக் கீழே கொண்டுபோயின. பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டத்தின் வாய்க்கால் வெள்ளகோவில் வரை நீள்வது உண்மையே. ஆனால் நாம் கடைமடை. நிலங்களை நான்கு மண்டலமாகப் பகுத்து முறைவைத்து விடும் நீர் கடைமடைக்கு வருவதற்குள் மெலிந்துவிடும். வட்டமலைக்கரை ஓடையிற் கட்டிய அணையும் பல்லாண்டு வறண்டே கிடந்தது. வடக்கே நொய்யலிலோ சாயக்கழிவு வந்து சேர்ந்தது. 1992இல் ஒரத்துப்பாளையத்தில் எழுந்த அணை பாசன நீரைத் தேக்குவதற்கு மாறாகச் சாய நீரைத் தேக்கியது. அப்பக்கத்துக் கிணறுகளில் நீர் இருந்தும் எவரும் கால் வைக்கத் துணிந்திலர்.

நீச்சல் உலகத்தினின்று மறையவில்லை. 1896இல் ஏதென்ஸ் நகரத்து ஒலிம்பிக்கிலே நீச்சற் போட்டி கடலில் நடந்தது. பின்னரே அளந்து கட்டிய குளங்கள் வந்தன. தமிழர் இதிற் பின்தங்கினர் என்பதும் இல்லை. வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்தி, 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் துறந்தார். நம் ஈரோட்டிற் பிறந்த குற்றாலீசுவரன் 1994இல், 12ஆம் வயதிலேயே, ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அவ்வோராண்டிற் கடந்த நீர்ப்பரப்புகள் ஆறு. 1966இல் மிஹிர் சென் ஓராண்டிற் கடந்தவை ஐந்து. இத்துணை ஆற்றல் காட்டிய அவரும் பின்னர்ப் படிப்பை நாடிப் போட்டி நீச்சலை விட்டார். கிணறு வற்றியதால் நாம் விட்டோம். கடலை வென்றும் அவர் விட்டார். விட்டவர் வரிசையிலே அவரோடு நிற்பது நமக்கு ஒரு வகையிற் பெருமை என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்வோம்.

நீச்சல் அறியாத தலைமுறையொன்று நம் வீடுகளில் வளர்ந்துவிட்டது என்பதோ விளையாட்டுப் பேச்சன்று. கோடை விடுமுறையில் நகரத்துப் பிள்ளைகள் பவானிக்கும் அமராவதிக்கும் காவிரிக்கும் செல்கின்றனர். தண்ணீரைக் கண்ட மகிழ்ச்சியில் இறங்குகின்றனர். ஒருவன் மூழ்க, அவனைக் காக்க இறங்கிய மற்றவனும் மூழ்கினான் என்ற செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021இல் தீர்மானம் இயற்றி, ஜூலை 25ஆம் நாளை மூழ்கி இறத்தலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. சிறார் இறப்புக்கு உலகெங்கும் முன்னிற்கும் காரணங்களுள் இஃதொன்று என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்பாருவின் கையிலிருந்த கயிறும் இரண்டு சுரைப்புருடையும் காசில்லாமற் செய்து வந்த வேலையை இன்று எவர் செய்வது? திருமண மண்டபங்களுக்கு நம்மவர் மனமுவந்து நன்கொடை தருகின்றனர். அதில் ஒரு பங்கைக் கொண்டு நீச்சற் குளம் ஒன்று கட்டி, ஆண் பெண் என்றும் இன்ன குலம் என்றும் பாராமல் எல்லாப் பிள்ளைகட்கும் அதனைத் திறந்துவிடலாமென்று சங்கத்தின் செயற்குழுவிற்கு எழுதியுள்ளோம். முடிவு இன்னும் வரவில்லை. வந்தபின் அதனை இவ்விதழிலேயே தெரிவிப்போம்.

மீண்டும் அக்கிணற்றுக்கு. நாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபொழுது, ஆடுகளை ஓட்டிக்கொண்டு முதியவர் ஒருவர் வேலியோரம் வந்தார். கண்ணுக்குமேற் கைவைத்து நம்மை நெடுநேரம் பார்த்தார். பிறகு நம் வீட்டுப் பெயரைச் சொல்லி, "நீங்க தானுங்களா?" என்றார். அக்குரலைக் கொண்டே நாம் அவரை அறிந்தோம். எண்ணிய குரல் அது. அருகே வருமாறு அழைத்து, அந்தக் கல்லின்மேலேயே அமர்ந்து, இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய பேர்த்தி திருப்பூரிற் படிக்கிறாள். பள்ளியில் நீந்தக் கற்றுக்கொண்டாள். பதக்கம் ஒன்றும் வாங்கியிருக்கிறாள். அதனைச் சொல்லும்பொழுது அவர் கிணற்றைப் பாராமல் ஆடுகளையே பார்த்தார். அக்காலத்தில் அவரை இறங்கச் சொல்லாத பிழையை எப்படிக் கூறுவது என்று தெரியாமல் நாம் தடுமாறி ஏதோ தொடங்கினோம். அவர் அதனைக் கையாலே தடுத்தார்.

"அதெல்லாம் போகட்டுமுங்க. நீங்க நூறு வரைக்கும் இருந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லீட்டு இருந்தீங்க. நான் எண்ணுனது எனக்குத் தெரியுமுங்க. எண்பதைத் தாண்டுனதே இல்லீங்க" என்றார்.

உடன் வந்த இளைஞர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். எண்பதுதான் என்று ஒப்புக்கொண்டோம்.